மௌனம் சம்மதமா? 1952 உருக்காலை வழக்கும் அமெரிக்க அதிபரின் அதிகாரமும்

1952 ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணிக்கு அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாட்டு மக்களிடம் பேசினார். கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. நள்ளிரவு கடந்ததும் உருக்காலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க இருந்தார்கள். உருக்கு இல்லாமல் போனால் களத்தில் நிற்கும் வீரனுக்கு ஆயுதம் போய்ச் சேராது; ஆகவே நாட்டின் பெரிய உருக்காலைகளை அரசே கையகப்படுத்துகிறது என்று அறிவித்தார். வர்த்தக அமைச்சர் சார்லஸ் சாயர் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 10340 என்ற எண்ணுள்ள நிர்வாக ஆணை சொன்னது. ஆலைகளுக்குள் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. கம்பெனித் தலைவர்களே அரசின் சார்பில் ஆலைகளை நடத்தும்படி உத்தரவு போனது. அன்று இரவே கம்பெனி வக்கீல்கள் வாஷிங்டனில் ஒரு நீதிபதியின் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்த இரவில் தொடங்கிய வழக்கு ஜூன் 2-ஆம் தேதி முடிந்துவிட்டது. மாவட்ட நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்புவரை எட்டே வாரங்கள். 'யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் கம்பெனி எதிர் சாயர்' என்பது வழக்கின் பெயர். அதிகாரப் பிரிவினை, நீதித்துறையின் மறுஆய்வு, நெருக்கடிகால அதிகாரம் என்று பாடநூல்கள் தனித்தனி அத்தியாயங்களில் வைக்கும் கருத்துகள் எல்லாம் இந்த ஒரே வழக்கில் முட்டிக்கொண்டன. அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. சட்டம் இயற்ற வேண்டிய அவை வாய் திறக்காமல் இருந்தால், அந்த மௌனத்துக்கு என்ன பொருள்? மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் வழக்கு. அமெரிக்க அரசியல் சாசனத்தில் அது அப்படித்தானா? எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே அதிபரின் அதிகாரம் விரிந்ததும் சுருங்கியதும் பெருமளவுக்கு இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலைப் பொறுத்தே என்பது என் கருத்து.

1787-ல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அந்தச் சாசனம் மிகச் சிறியது. ஏழு பிரிவுகள், பிறகு சேர்ந்த 27 திருத்தங்கள், அவ்வளவுதான். முதல் பிரிவு செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு அவைகளும் சேர்ந்த காங்கிரஸைப் பற்றியது. வரி விதிப்பது, கடன் வாங்குவது, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்துவது, போர் அறிவிப்பது, படை திரட்டுவது என்று காங்கிரஸின் அதிகாரங்களை அது ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. அதிபரைப் பற்றிய இரண்டாம் பிரிவில் அந்த விவரம் இல்லை. நிர்வாக அதிகாரம் அவரிடம் இருக்கும். படைகளுக்கு அவர் தலைமைத் தளபதி. சட்டங்கள் முறையாக நிறைவேறுவதை அவர் கவனிக்க வேண்டும். நிர்வாக அதிகாரம் எதுவரை நீளும் என்று எங்கும் எழுதப்படவில்லை. நெருக்கடி நிலைக்கென்று தனி அத்தியாயமும் கிடையாது. கலகமோ படையெடுப்போ நேர்ந்தால் ஆட்கொணர்வு மனுவின் பாதுகாப்பை நிறுத்திவைக்கலாம் என்று ஓர் இடத்தில் வருகிறது. அதுவும் காங்கிரஸைப் பற்றிய பிரிவில்தான் இருக்கிறது. இந்திய அரசியல் சாசனத்தின் 123-ஆம் பிரிவு, நாடாளுமன்றம் கூடியிராத நேரத்தில் அவசரச் சட்டம் பிறப்பிக்கக் குடியரசுத் தலைவருக்கு வழி செய்கிறது. அமெரிக்க அதிபருக்கு அந்த வழி இல்லை. நமக்குப் பழகிப்போன ஒன்று அங்கே அடியோடு இல்லை என்பதை நினைவில் வைத்தால்தான் ட்ரூமன் கையெழுத்திட்ட தாளின் கனம் தெரியும்.

ட்ரூமனைச் சர்வாதிகாரியாகப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தொழிலாளர் ஒப்பந்தம் 1951 டிசம்பர் 31-ஆம் தேதியே காலாவதியாகிவிட்டது. பிலிப் முர்ரே தலைமையிலான தொழிற்சங்கம் அதிபர் கேட்டுக்கொண்டதற்காக மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தத்தைத் தள்ளிவைத்தது. ஊதிய வாரியம் ஓர் உயர்வைப் பரிந்துரைத்தது; சங்கம் ஏற்றது. கம்பெனிகளோ உருக்கின் விலையை டன்னுக்கு 12 டாலர் ஏற்ற அனுமதித்தால்தான் ஊதியம் உயரும் என்றன. விலைக் கட்டுப்பாட்டை நடத்திக்கொண்டிருந்த அரசு அதற்கு இணங்கவில்லை.

அதிபரின் கையில் சட்டமே இல்லாமலும் இல்லை. 1947-ல் வந்த டாஃப்ட்–ஹார்ட்லி சட்டப்படி நீதிமன்றத்தை அணுகி 80 நாட்களுக்கு வேலைநிறுத்தத்தைத் தடுத்திருக்கலாம். ஆனால் அது தொழிலாளருக்கு எதிரான சட்டம் என்று சொல்லி ட்ரூமன் வீட்டோ செய்த சட்டம். அவருடைய வீட்டோவை மீறி காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம். ஏற்கெனவே அத்தனை நாள் பொறுத்திருந்த தொழிலாளர்மீது இன்னும் 80 நாள் தடையைச் சுமத்த அவர் விரும்பவில்லை. அதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு விஷயம் அவருக்கு எதிராக நின்றது. 1947-ல் அந்தச் சட்டத்தை விவாதித்தபோது, இத்தகைய நெருக்கடிகளில் ஆலைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை அதிபருக்குத் தரலாமா என்ற யோசனையும் வந்தது. காங்கிரஸ் அதை ஏற்கவில்லை.

ஆலைகளைக் கையகப்படுத்திய மறுநாளே ட்ரூமன் காங்கிரஸுக்குச் செய்தி அனுப்பினார். நான் எடுத்த முடிவு இது; நீங்கள் வேறு வழி காட்டினால் அதன்படி நடக்கிறேன் என்பது அதன் சாரம். ஏப்ரல் 21-ஆம் தேதி மறுபடியும் எழுதினார். காங்கிரஸ் அவர் செய்தது சரி என்றும் சட்டம் இயற்றவில்லை, தவறு என்றும் இயற்றவில்லை.

வழக்கு மாவட்ட நீதிபதி டேவிட் பைன் முன்னால் வந்தபோது அரசுத் தரப்பில் வாதாடியவர் ஹோம்ஸ் பால்ட்ரிஜ். நெருக்கடி நேரத்தில் அதிபரின் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்று பைன் விடாமல் கேட்டார். தேர்தலும் பதவிநீக்கத் தீர்மானமும்தான் எல்லைகள் என்று பால்ட்ரிஜ் பதில் சொன்னார். நெருக்கடி இருக்கிறதா என்பதை யார் முடிவு செய்வது? அதிபர். அந்த முடிவை நீதிமன்றம் பரிசீலிக்கலாமா? கூடாது. இந்தக் கேள்வி பதில்கள் செய்தித்தாள்களில் வந்ததும் நாடு கொதித்தது. அதற்கு முன்பே ட்ரூமனிடம் பத்திரிகையாளர்கள், உருக்காலைகளைப் போலவே நாளை பத்திரிகைகளையும் வானொலி நிலையங்களையும் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டிருந்தார்கள். நாட்டின் நன்மைக்கு எது தேவையோ அதை அதிபர் செய்ய வேண்டியிருக்கும் என்ற தொனியில் அவர் பதில் சொல்லியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு இது வெறும் ஊதியத் தகராறாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 29-ஆம் தேதி பைன் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது; தொழிலாளர்கள் உள்ளே போனார்கள். மே 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வழக்கைத் தானே எடுத்துக்கொண்டது. கம்பெனிகளின் பக்கம் நின்று வாதாடிய ஜான் டேவிஸுக்கு அப்போது வயது 79. ட்ரூமனின் ஜனநாயகக் கட்சி சார்பில் 1924-ல் அதிபர் தேர்தலில் நின்றவர் அவர். நீதிபதிகள் ஒன்பது பேரும் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள். டாம் கிளார்க், ட்ரூமனிடம் அட்டர்னி ஜெனரலாகவே இருந்தவர். தலைமை நீதிபதி ஃபிரெட் வின்சன் ட்ரூமனின் நெருங்கிய நண்பர். இந்த நீதிமன்றம் தன் பக்கம் நிற்கும் என்று அதிபர் நம்பியதில் வியப்பில்லை. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவர் தோற்றார். தோற்கடித்த ஆறு பேரில் கிளார்க்கும் ஒருவர்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஹியூகோ பிளாக். அவர் போட்ட கோடு நேரானது. அதிபரின் அதிகாரம் ஒன்று காங்கிரஸ் இயற்றிய சட்டத்திலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் சாசனத்திலிருந்தே வர வேண்டும். ஆலைகளைக் கையகப்படுத்தச் சொல்லும் சட்டம் இல்லை. சாசனம் அதிபரைத் தளபதியாக்கியது படைகளுக்குத்தான். உள்நாட்டில் தொழில் தகராறில் தனியார் சொத்தை எடுத்துக்கொள்ள அது இடம் தரவில்லை. அந்த ஆணை உண்மையில் சட்டம் இயற்றும் வேலை. அது காங்கிரஸின் வேலை. பிளாக்கின் தீர்ப்பு சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. படிக்கத் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஆட்சி நடக்கும் விதம் அவ்வளவு தெளிவானது அல்ல. ஒரு துறை இன்னொன்றின் வேலையில் பங்கு வைத்திருக்கும்படியே அந்தச் சாசனம் கட்டப்பட்டது. அதிபர் வீட்டோ மூலம் சட்டமியற்றலில் கை வைக்கிறார். நியமனங்களுக்கு ஒப்புதல் தந்து செனட் நிர்வாகத்தில் கை வைக்கிறது. முழுக்கப் பிரித்துவைத்தால் ஒன்றை ஒன்று தடுக்க முடியாது என்பதைச் சாசனத்தை வடித்தவர்களில் முதன்மையானவரான ஜேம்ஸ் மேடிசன் அன்றே விளக்கியிருந்தார்.

அதனால்தான் பிளாக்கின் தீர்ப்போடு ஒத்துப்போன ஐவரும் தங்கள் காரணங்களைத் தனித்தனியே எழுதினார்கள். இந்திய அரசியல் சாசனம் உருவானபோது அதன் ஆலோசகர் பி.என். ராவ் நேரில் சந்தித்து ஆலோசனை கேட்ட நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டர் அந்த ஐவரில் ஒருவர். 1947-ல் காங்கிரஸ் அந்த யோசனையை ஒதுக்கியதை, கையகப்படுத்தக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியதற்குச் சமமாக அவர் எடுத்துக்கொண்டார்.

காலத்தை வென்று நின்றது, ஐவரில் இன்னொருவரான ராபர்ட் ஜாக்சன் எழுதியது. ஆல்பனியில் ஓராண்டு சட்டம் படித்ததைத் தவிர, வக்கீல் அலுவலகத்தில் வேலை பழகியே வழக்கறிஞரானவர் அவர். ரூஸ்வெல்ட்டின் அட்டர்னி ஜெனரலாக இருந்த 1941-ல், கலிஃபோர்னியாவில் வேலைநிறுத்தம் நடந்த ஒரு விமானத் தொழிற்சாலையை அதிபர் கையகப்படுத்தியதைச் சரி என்று வாதிட்டவரும் அவரே. அரசுத் தரப்பு அந்த வாதத்தை அவர் முன்னாலேயே எடுத்துவைத்தது. ஓர் அரசின் வக்கீலாகப் பேசியது நீதிபதியாக இருக்கும்போது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அவர் தீர்ப்பிலேயே பதில் எழுதினார்.

அதிபரின் அதிகாரம் எப்போதும் ஒரே அளவில் நிற்பதில்லை, காங்கிரஸின் அதிகாரத்தோடு அது சேர்ந்து நிற்கிறதா விலகி நிற்கிறதா என்பதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது என்றார் ஜாக்சன். காங்கிரஸ் வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அனுமதித்திருந்தால் அதிகாரம் உச்சத்தில் இருக்கும். ஏனென்றால் அப்போது அதிபரின் கையில் இருவருடைய அதிகாரமும் சேர்ந்திருக்கிறது. காங்கிரஸின் விருப்பத்துக்கு மாறாக நடந்தால் அதிகாரம் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும். தன் சொந்த அதிகாரத்திலிருந்து காங்கிரஸின் அதிகாரத்தைக் கழித்தால் என்ன மிஞ்சுமோ அதை மட்டுமே அவர் நம்பலாம். இரண்டுக்கும் நடுவே, காங்கிரஸ் எதையும் சொல்லாத ஓர் இடம் இருக்கிறது. அங்கே வெளிச்சம் குறைவு. அந்த இடத்தில் நூல் கோட்பாடுகளைவிட நிகழ்வுகளின் நெருக்கடியே பதிலைத் தீர்மானிக்கும் என்று அவர் ஒப்புக்கொண்டார். உருக்காலை வழக்கு நடுவில் வராது, கடைசி நிலையில்தான் வரும் என்பது அவர் முடிவு. காங்கிரஸ் வேறு வழிகளை ஏற்கெனவே வகுத்துவிட்டது. காங்கிரஸ் அறிவிக்காத போரில் தானே படைகளை அனுப்பிவிட்டு, அந்தப் போரைக் காட்டியே உள்நாட்டிலும் ஓர் அதிபர் தன் பிடியை இறுக்கலாம் என்ற கொள்கையைவிட ஆபத்தான ஒன்று இருக்க முடியாது என்றும் எழுதினார்.

அந்தக் கவலை ஏட்டுப் படிப்பில் வந்தது அல்ல. 1945–46-ல் நியூரம்பெர்கில் நாஜித் தலைவர்கள்மீது அமெரிக்காவின் தலைமை வழக்கறிஞராக வாதாடிவிட்டு வந்தவர் ஜாக்சன். ஜெர்மனியின் வைமர் சாசனம் நெருக்கடி நேரத்தில் உரிமைகளை நிறுத்திவைக்க அதிபருக்கு அதிகாரம் தந்திருந்தது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதைத் தொடாமல் இருக்க முடியவில்லை. 13 ஆண்டுகளில் 250 தடவைக்கு மேல் பயன்படுத்தினார்கள். கடைசியில் ஹிட்லர், அதிபர் ஹிண்டன்பர்கைக் கொண்டு உரிமைகளை எல்லாம் நிறுத்திவைத்தார். அவை திரும்பவே இல்லை. இதை ஜாக்சன் தன் தீர்ப்பில் எழுதியிருக்கிறார். அமெரிக்கச் சாசனத்தை எழுதியவர்களுக்கு நெருக்கடி என்றால் என்ன என்று தெரியும், அது அதிகாரத்தைப் பறித்துக்கொள்ளச் சாக்காகும் என்பதும் தெரியும் என்பது அவர் வாதம்.

வின்சனின் மாறுபட்ட தீர்ப்பையும் தள்ளிவிட முடியாது. அதே மௌனத்தை அவர் வேறு விதமாகப் படித்தார். கொரியப் போருக்கும் ராணுவத் தளவாடங்களுக்கும் காங்கிரஸ்தான் பணம் ஒதுக்கியது. அந்தத் திட்டங்களை நிறைவேற்றும் கடமை அதிபருக்கு உண்டு. ஆலைகள் நின்றுபோகாமல் காத்து, முடிவைக் காங்கிரஸிடமே விட்டார், தகவலும் சொன்னார். காங்கிரஸ் தடுக்கவில்லை. இதில் அத்துமீறல் எங்கே? ஃபிராங்ஃபர்ட்டரும் ஜாக்சனும் 1947-ஐப் பார்த்தார்கள், வின்சன் 1952-ஐப் பார்த்தார். அன்று மறுத்த காங்கிரஸும் இன்று பேசாதிருந்த காங்கிரஸும் ஒரே அவைதான். எனக்கு ஜாக்சனின் வாசிப்பே சரியாகப் படுகிறது. ஒரு முறை மறுத்தவர் ஒவ்வொரு முறையும் எழுந்து மறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தீர்ப்பு வந்த அன்றே ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். நீதிமன்றத்தின் கையில் படை இல்லை, பணப்பெட்டி இல்லை. 1803-ல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில், சாசனத்துக்கு முரணான சட்டம் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் தனக்கு உண்டு என்று நிலைநாட்டிய நாளிலிருந்தே உச்ச நீதிமன்றத்தின் பலம் பிறர் கீழ்ப்படிவதில்தான் இருக்கிறது. போர் நடக்கும் நேரத்தில், தவறான தீர்ப்பு என்று மனதார நம்பிய ஓர் அதிபர் கீழ்ப்படிந்தார். அது அவருடைய பெருமை. வேலைநிறுத்தம் உடனே தொடங்கி 53 நாட்கள் நீடித்தது. அந்த 53 நாட்களிலும் அவர் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டத்தைத் தொடவில்லை. பிறகு பிளாக் தன் வீட்டுக்கு அதிபரையும் நீதிபதிகளையும் விருந்துக்கு அழைத்தார். உங்கள் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, விஸ்கி நன்றாக இருக்கிறது என்று ட்ரூமன் சொன்னதாக நீதிபதி வில்லியம் டக்ளஸ் பதிவுசெய்திருக்கிறார்.

அந்த ஆண்டு ஜாக்சனிடம் உதவியாளராக இருந்த இளம் வழக்கறிஞர் வில்லியம் ரென்குவிஸ்ட். 1981-ல் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக உட்கார்ந்திருந்தபோது அதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. ஈரானில் பணயக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்கச் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஈரான்மீது அமெரிக்கக் கம்பெனிகள் தொடுத்திருந்த வழக்குகளை அதிபர் நிறுத்திவைத்தார். அதற்கு நேரடியாக அதிகாரம் தரும் சட்டம் இல்லை. டேம்ஸ் அண்ட் மூர் எதிர் ரீகன் என்ற அந்த வழக்கில் தீர்ப்பு எழுதிய ரென்குவிஸ்ட், ஜாக்சனின் அளவுகோலையே கையில் எடுத்தார். இப்படிப்பட்ட உடன்பாடுகளை அதிபர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்திருக்கிறார்கள், காங்கிரஸ் தடுத்ததில்லை, ஆகவே இசைவு உண்டு என்று முடித்தார். 1952-ல் மறுப்பாகப் படிக்கப்பட்ட மௌனம் 1981-ல் சம்மதமாகிவிட்டது. அளவுகோல் ஒன்றுதான், பிடித்த கை வேறு. 2006-ல் ஹம்தான் வழக்கில், குவாண்டனாமோவில் அதிபர் அமைத்த ராணுவ ஆணையங்கள் காங்கிரஸின் சட்டத்தை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்தியபோது காற்று மறுபடியும் திசை மாறியது.

ஆனால் ஜாக்சனின் அளவுகோலுக்குப் பெரிய அடி விழுந்தது 1983-ல், அதிபரின் போர் அதிகாரத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கில். ஜகதீஷ் ராய் சட்டா கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். அமெரிக்காவுக்குப் படிக்க வந்தார், விசா முடிந்துபோனது. அவரை நாடு கடத்த வேண்டாம் என்று குடிவரவுத் துறை முடிவு செய்தது. பிரதிநிதிகள் சபை மட்டும் ஒரு தீர்மானம் போட்டு அந்த முடிவை ரத்து செய்தது. அப்போதைய சட்டம் அதற்கு வழி வைத்திருந்தது. நிர்வாகத்துக்கு ஓர் அதிகாரத்தைக் கொடுக்கும்போது, வேண்டாம் என்று தோன்றினால் ஒரே அவையின் வாக்கில் திரும்பப் பெறலாம் என்ற நிபந்தனையைக் காங்கிரஸ் பல சட்டங்களில் சேர்த்திருந்தது. இரு அவைகளும் நிறைவேற்றி அதிபரின் மேசைக்குப் போகாத எதுவும் சட்ட பலம் பெறாது என்று கூறி, ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ஒழித்தது. சட்டா நாட்டில் தங்கினார். காங்கிரஸோ, கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப வாங்கும் எளிய வழியை இழந்தது.

இது எங்கே உறைத்தது என்று பார்க்க வேண்டும். 1976-ன் தேசிய நெருக்கடிநிலைச் சட்டப்படி அதிபர் அறிவித்த நெருக்கடி நிலையை இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் முடித்துவைக்கலாம். அதிபரின் கையெழுத்து தேவையில்லை. சட்டா தீர்ப்புக்குப் பிறகு 1985-ல் அந்தப் பகுதியைத் திருத்த வேண்டியதாயிற்று. இனி தீர்மானம் அதிபரிடம் போக வேண்டும். தன் அறிவிப்பை ரத்து செய்யும் தீர்மானத்தை அவரே வீட்டோ செய்யலாம்.

2019-ல் அதுதான் நடந்தது. மெக்சிகோ எல்லையில் சுவர் கட்ட டொனால்ட் ட்ரம்ப் 570 கோடி டாலர் கேட்டார். அரசு அலுவலகங்கள் 35 நாட்கள் முடங்கியபின் காங்கிரஸ் 137.5 கோடி மட்டும் தந்தது. பிப்ரவரி 15-ஆம் தேதி அவர் நெருக்கடி நிலை அறிவித்து, ராணுவக் கட்டுமானத்துக்கு ஒதுக்கிய நிதியிலிருந்து எடுக்க முனைந்தார். இந்த முறை காங்கிரஸ் மௌனமாக இல்லை. பிரதிநிதிகள் சபையில் தீர்மானம் நிறைவேறியது. ட்ரம்பின் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த செனட்டிலும் 59–41 என்று நிறைவேறியது. மறுநாள் அவர் வீட்டோ செய்தார். அதை மீற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பிரதிநிதிகள் சபையில் 248–181 என்று நின்றுபோனது. சுவருக்காகப் பாதுகாப்புத் துறை எடுத்துவைத்த 250 கோடி டாலரை, வழக்கு நடக்கும்போதே செலவிடலாம் என்று அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. சுவர் பற்றிய இறுதித் தீர்ப்பு வருமுன் ஆட்சி மாறி, 2021 ஜனவரி 20-ஆம் தேதி ஜோ பைடன் அந்த நெருக்கடி நிலையை முடித்துவைத்தார்.

ட்ரூமன் காலத்துக் காங்கிரஸ் பேச மறுத்தது. 2019-ன் காங்கிரஸ் இரு அவைகளிலும் வாய் திறந்து வேண்டாம் என்றது. அதிபரின் கையைப் பிடிக்க முடியவில்லை. அதிகாரம் தன் விரல்களுக்கு இடையே நழுவிப்போவதைக் காங்கிரஸ்தான் தடுக்க முடியும், நீதிமன்றத்தால் முடியாது என்று ஜாக்சன் 1952-லேயே எழுதினார். கொடுத்த அதிகாரத்தை வேண்டாம் என்று திரும்ப வாங்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று காங்கிரஸ் சட்டத்தில் எழுதிவைக்க முடிந்த நாளில் எழுதியது அது. இன்று அதைச் சொல்லிப் பலிக்க வைக்க மூன்றில் இரண்டு பங்கு தேவை. அதே 2019 மார்ச் மாதம் குடியரசுக் கட்சியின் செனட்டர் மைக் லீ ஒரு மசோதா கொண்டுவந்தார். அதிபர் அறிவிக்கும் நெருக்கடி நிலைக்கு 30 நாட்களுக்குள் காங்கிரஸ் ஒப்புதல் வாக்களிக்காவிட்டால் அது தானாகவே காலாவதியாகும் என்றது அந்த மசோதா. அப்படி ஆகியிருந்தால், காங்கிரஸ் பேசாமல் இருப்பதற்கு மறுப்பு என்றே சட்டம் பொருள் கொடுத்திருக்கும். மசோதா சட்டமாகவில்லை.